வீட்டு ஆடு

உயிரின் விலை அந்த வாரம் கிலோவுக்கு நானூற்றுப் பத்து. ஆட்டுச் சந்தையில் அதற்கு 'உயிர் எடை' என்றே பெயர். ஆட்டைத் தராசில் ஏற்றி, அது விடுகிற மூச்சையும் சேர்த்து நிறுத்து, அரை மணி நேரம் பேரம் பேசி, கடைசியில் ஐந்து குறைத்து முடிப்பார்கள். அதே ஆடு கறிக்கடைக் கொக்கியில் தொங்கும்போது விலை இரண்டு மடங்கு. செத்த பிறகு மதிப்புக் கூடுவது ஆட்டுக்கும் ஓவியருக்கும் மட்டும்தான். மற்றவர்கள் இருக்கும்போதே விற்றுக்கொள்ள வேண்டும்.

எங்கள் தெருக்கோடியில் இருந்த கொட்டில்காரர் அந்தத் தொழிலில்தான் இருந்தார். பால் மறந்த குட்டிகளை வாங்கி வருவார். நான்கைந்து மாதம் கொழுக்க வைத்து விற்பார். இடுப்பளவு செங்கல் சுவர், அதன்மேல் கம்பிவலை, தலைக்கு மேல் தகரம். நெடுக்காகப் பிளந்த பீப்பாய்கள்தான் தீனித் தொட்டிகள். கொட்டிலை ஒட்டி வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துவைகல் போட்ட முற்றம். வீட்டுக்கும் கொட்டிலுக்கும் நடுவே ஒரே ஒரு கதவு. காற்று திரும்பினால் எது வீடு எது கொட்டில் என்று மூக்குக்குத் தெரியாது.

ஒரு காலத்தில் அவர் ஆடுகளை வாய்க்கால் கரையில் ஓட்டிப்போய் மேய்த்தவர்தான். கரையோர நிலத்துக்கு வேலி போட்டு மனைகளாக விற்றார்கள். தவிடு விலை ஏறியது. அவருக்கு இடுப்பில் ஒரு பிடிப்பு வந்து, குனிந்தால் நிமிர ஆள் வேண்டும் என்றானது. தொழிலை மூடிவிடலாம் என்று இருந்தபோது மனைவியின் தம்பி வழி கண்டுபிடித்தான்.

அந்தத் தம்பிக்கு ஒரு மிட்டாய்த் தொழிற்சாலையில் வண்டி ஓட்டும் வேலை. தெருவில் எல்லோரும் அவனை 'மிட்டாய்' என்றே கூப்பிடுவார்கள். தொழிற்சாலையில் உடைந்த பிஸ்கட், வளைந்த மிட்டாய், வெளுத்துப் போன சாக்லேட், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட ஜெல்லி, நாள் கடந்த கேக் எல்லாம் மூட்டை மூட்டையாகக் கழியும். அவற்றைக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும், வெட்டுகிறவனுக்குக் கூலி. மிட்டாய் ஒரு நாள் மேலாளரிடம் போய், "எங்க மாமா கூலி இல்லாமலே புதைச்சிடுவாரு சார்" என்றான்.

"ஆழமாப் புதைப்பாரா?"

"வயித்துக்குள்ளயே புதைப்பாரு சார்."

முதலில் ஆடுகள் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. பிறகு ஒன்று தின்றது. அப்புறம் புல்லைக் கட்டி இழுத்து வந்து போட்டாலும் அதன்மேல் படுத்துக்கொண்டனவே தவிர வாய் வைக்கவில்லை. வண்டிச் சத்தம் கேட்டாலே கம்பிவலையில் முன்னங்காலைத் தூக்கி வைத்துக் கத்தும். நாக்கு ஒன்றுக்குச் சிவப்பாக இருக்கும், ஒன்றுக்குப் பச்சையாக இருக்கும். ஐந்து மாதத்து எடை மூன்றரை மாதத்தில் ஏறியது. புழுக்கை உருண்டை உருண்டையாக விழாமல் குழைந்த மண் மாதிரி விழுந்ததையும், கொட்டிலில் பழைய மாவு புளித்த வாடை நிரந்தரமாகத் தங்கிவிட்டதையும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

கொட்டில்காரர் மனைவி மட்டும் ஒரு ஏற்பாடு செய்திருந்தாள். கொட்டிலில் எத்தனை நின்றாலும் முற்றத்தில் துவைகல்லுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஆடு தனியாகக் கட்டியிருக்கும். அதற்கு மிட்டாய் கிடையாது. அவளே கருக்கரிவாளோடு போய் வேலிக்கு வெளியே மிஞ்சிய புல்லை அறுத்து வந்து போடுவாள். அதற்கு 'வீட்டு ஆடு' என்று பெயர். விருந்தாளி வந்தால், உடம்புக்கு முடியாமல் போனால், அடிப்பது அதைத்தான். அது போனதும் அந்த முளையில் இன்னொன்று வந்து நிற்கும்.

எங்கள் தெருவில் இது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. டீக்கடைக்காரர் வீட்டில் குடித்துவிட்டுத்தான் கடை திறப்பார். எண்ணெய் வியாபாரியின் வீட்டுக்கு எண்ணெய் அடுத்த ஊரிலிருந்து வரும். விற்கிற சரக்கு வேறு, வீட்டுச் சரக்கு வேறு என்பது நாங்கள் நடக்கக் கற்றுக்கொண்ட வயதிலேயே கற்றுக்கொண்டது.

வெயில் தகரத்தை வறுத்துக்கொண்டிருந்த ஒரு மாதத்தில் மகள் குழந்தையோடு வந்து இறங்கினாள். பிரசவத்தில் ரத்தம் நிறையப் போயிருந்தது. உதடு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. வாசலிலிருந்து கட்டிலுக்கு நடப்பதற்குள் சுவரை இரண்டு தரம் பிடித்துக்கொண்டாள். டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை அவள் வயிற்றில் தங்கவில்லை. அப்படியானால் ஆட்டு ஈரல் கொடுங்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது, இல்லாவிட்டால் ரத்தம் ஏற்ற வேண்டி வரும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவளுடைய மாமியார் போனில், "ஈரலுக்கு என்ன பஞ்சம் சம்பந்தி, உங்க வீட்டுலதான் கொட்டில் கொள்ளாம நிக்குதே. தேறினதும் அனுப்பி வைங்க, அவசரமில்ல" என்று சொல்லி வைத்துவிட்டாள். பாரத்தை இறக்கிவிட்டு ரசீது கொடுக்கிற குரல் அது.

வீட்டு ஆடு அப்போது பாதிதான் வளர்ந்திருந்தது. அதை ஈரலுக்காக இப்போதே அடிப்பானேன் என்று நினைத்து, அம்மாக்காரி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் போனாள். கறிக்கடைக்காரர் அவர்களிடம் பல வருடமாக ஆடு வாங்குகிறவர். கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"தம்பி, கால் கிலோ ஈரல் போடு. பொண்ணுக்கு."

"ஈரல் இல்லக்கா."

"அங்க தொங்குறது என்னவாம்?"

"அது நுரையீரல். நாய்க்கு வாங்கிட்டுப் போவாங்க."

"காலைல நாலு ஆடு அடிச்சிருக்க. நாலும் ஈரல் இல்லாமலா உன் கடைக்கு நடந்து வந்துச்சு?"

"எங்க நடந்து வந்துச்சு அக்கா? ஒண்ணைத் தூக்கிட்டில்ல வந்தோம். உங்க வீட்டு ஆடுதான்."

நின்றவர்களில் ஒருத்தர் சிரித்தார். கறிக்கடைக்காரர் சிரிக்கவில்லை. கத்தியைக் கட்டையில் குத்தி நிறுத்திவிட்டு, "இப்பிடி உள்ள வாங்க" என்று கடைக்குப் பின்னால் அழைத்துப் போனார். அங்கே ஒரு வாளி இருந்தது. அதிலிருந்து ஒரு ஈரலை எடுத்துக் கல்லின் மேல் போட்டார். கறுஞ்சிவப்பாக, வழவழவென்று இருக்க வேண்டியது, அங்கங்கே மஞ்சள் வெள்ளையில் கோலிக்குண்டு புதைத்த மாதிரி புடைத்திருந்தது. ஒரு குண்டைக் கத்தி முனையால் கீறினார். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"சீழா?"

"சீழ்தான். மிட்டாய் போட ஆரம்பிச்சதுலேர்ந்து இப்பிடித்தான் வருது. பத்துக்கு ஏழெட்டு. குழி தோண்டிப் புதைக்கிறேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"அண்ணன்கிட்ட சொன்னேனே. ஆட்டுக்கு இவ்வளவுன்னு ஈரலுக்குக் கழிச்சுக்கோன்னாரு. கழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். உங்ககிட்ட சொல்லலியா?"

அவள் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப கறி?"

"கறிக்கு ஒரு கேடும் இல்ல. பஞ்சு மாதிரி இருக்கு. பல்லு போன கிழவனெல்லாம் கேட்டு வாங்கிட்டுப் போறான். ஆனா ஆட்டுக்குத்தான்..." என்று இழுத்தார். "அதோட வயிறு புல்லுக்குன்னு அமைஞ்சது. சர்க்கரையைக் கொட்டினா உள்ளுக்குள்ள புளிச்சுப் போயிடுது. அந்தப் புளிப்பு ஈரல்ல போயி சீழ் கட்டுது. கால்லயும் இறங்குது. குளம்புக்குள்ள சூடு. நிக்க முடியாம முட்டி போட்டுத் தின்னுதே, பாத்திருப்பீங்க."

"நான் பாரம் தாங்காமன்னு நெனச்சேன்."

"பாரமுந்தான்."

"எனக்கு இப்ப நல்ல ஈரல் வேணும்."

"மலைப் பக்கத்துலேர்ந்து வாரத்துக்கு ஒரு ஆடு வருது. அந்த ஈரலுக்கு ஒரு ஹோட்டல்காரன் முன்பணமே குடுத்து வச்சிருக்கான். இந்த வாரத்துது போயிடுச்சு. நீங்க ஏன் அலையுறீங்க? முத்தத்துல தனியா ஒண்ணு கட்டி வச்சிருக்கீங்கல்ல, அதை அடிங்க. நானே வந்து அடிச்சுக் குடுக்குறேன்."

தெருவுக்கே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அதைக் கறிக்கடையின் பின்பக்கம், அந்த வாளிக்கு முன்னால் நின்று கேட்டபோது அவளுக்கு முகம் சுண்டிப் போனது.

மத்தியானம் கொட்டிலின் நிழல் பக்கம் மிட்டாய்களுக்குத் தாள் உரிக்கும் வேலை. அவளும் கொட்டில்காரரும் மூட்டையைக் கவிழ்த்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். உச்சி வெயிலில் மிட்டாய் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். நகத்தால் சுரண்ட வேண்டும். விரலிடுக்கில் பிசுபிசுப்பு, கையைச் சுற்றிக் குளவி. ஆரம்பத்தில் ஒவ்வொன்றாக உரித்தார்கள். மூட்டைகள் கூடக்கூட, உரித்தது பாதி, உரிக்காதது பாதி என்று தொட்டிக்குப் போனது. அன்றும் மனைவியின் தம்பி வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு மூட்டையின் மேலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். மகள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கதவருகே சாய்ந்திருந்தாள்.

"ஈரலுக்குக் கழிக்கிறான்னு ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள் மனைவி.

கொட்டில்காரர் ஒரு தாளை நிதானமாக உரித்தார். "சொல்லி என்ன ஆகப்போகுது? வியாபாரத்துல கழிவுன்னு ஒண்ணு எதுலதான் இல்ல?"

"கழிவா? நீங்க அதைக் கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துமா?"

மிட்டாய் நடுவில் புகுந்தான். "அக்கா, நீ என்னமோ வெஷம் வச்ச மாதிரி பேசுற. மனுஷக் கொழந்தைக்குக் குடுக்குற சாமான்க்கா இது. கொழந்தை தின்னலாம், ஆடு தின்னக்கூடாதா?"

"கொழந்தைக்கு ஒண்ணு குடுப்ப. தொட்டி ரொப்பியா குடுப்ப? சோத்துக்குப் பதிலாவா குடுப்ப?"

"எங்க வீட்டுப் பய கேக்குறதே அதைத்தான்."

"வெளையாடாத."

"சரி, வெளையாடல. இதை மண்ணுல புதைச்சா யாருக்கு லாபம்? புழுவுக்கு. இப்ப ஆட்டுக்கு லாபம், மாமாவுக்கு லாபம், கறி வாங்குறவனுக்கு லாபம், எனக்கு மூட்டைக்கு ரெண்டு காசு. ஒருத்தனுக்கும் நஷ்டமில்லாத வியாபாரம் ஒலகத்துல எங்க இருக்கு?"

"முட்டி போட்டு நிக்குதே அதுங்ககிட்ட கேளு, யாருக்கு நஷ்டம்னு."

கொட்டில்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சற்று நிமிர்ந்தார். "இங்க பாரு. நானும் யோசிக்காம இல்ல. எப்பிடியும் நாலு மாசத்துல கழுத்தை நீட்டப் போற ஜென்மம். இருக்குற வரைக்கும் இனிப்பாத் தின்னுட்டுப் போவட்டுமே. வண்டி வந்தா அதுங்க துள்ளுற துள்ளலப் பாத்திருக்கல்ல? புல்லைக் கண்டு எந்த ஆடு அப்பிடித் துள்ளியிருக்கு?"

"சாராயத்தைக் கண்டா உங்க அண்ணன்கூடத்தான் துள்ளினாரு. அவருக்கு ஈரல் என்னாச்சு?"

மிட்டாய்க்குப் புரையேறியது. கொட்டில்காரர் முகத்திலும் சிரிப்பு வரப் பார்த்துத் திரும்பிவிட்டது. அந்த அண்ணனைத் தூக்கிப் போட்டு இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

கதவருகே இருந்து மகள் பேசினாள். குரலில் பலம் இல்லை. "மிட்டாயால ஒரு கெடுதலும் இல்லதானேப்பா? அப்ப நமக்குன்னு ஏன் ஒண்ணைத் தனியாக் கட்டியிருக்கீங்க?"

  அப்பாவைக் கேட்ட கேள்விதான். ஆனால் தனியாகக் கட்டியது அம்மா. அம்மாக்காரி கையிலிருந்த மிட்டாயை உரிக்காமலே கூடையில் போட்டாள்.

"நாளைக்குக் காலைல வீட்டு ஆட்டை அடிச்சுடலாம். கறிக்கடைத் தம்பி வர்றேன்னிருக்கு."

"அதையா?" கொட்டில்காரர் நிமிர்ந்தார். "அது குட்டி. இன்னும் ரெண்டு மாசம் போவட்டும்."

"ரெண்டு மாசம் இவ தாங்குவாளா?"

"மலை ஆட்டு ஈரல் அடுத்த வாரம் வரும்ல, ஹோட்டல்காரனுக்கு மேல ஒரு பங்கு காசு குடுத்தா..."

"நம்ம முத்தத்துல ஆட்டைக் கட்டிப்போட்டுட்டு ஊரான்கிட்ட நான் ஏன் நிக்கணும்? நான் அறுத்துப் போட்ட புல்லுல வளர்ந்தது. இவளுக்கில்லாம வேற யாருக்கு?"

"அதுக்கில்ல..."

"எதுக்கில்ல?"

அவர் எழுந்து தொட்டியைத் தட்டிச் சரிசெய்யப் போனார். மனுஷனுக்கு வர வர கஞ்சத்தனம் கூடிப் போச்சு என்று அவள் தம்பியிடம் சொன்னாள், அவர் காதில் விழும்படியாகவே.

மறுநாள் விடிந்ததும் கறிக்கடைக்காரர் சாக்குப் பையில் கத்திகளோடு வந்தார். வெயில் இன்னும் முற்றத்துக்கு இறங்கவில்லை. மகள் ஜன்னலை ஒட்டிக் கட்டிலில் இருந்தாள். கொட்டில்காரர் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார். ஆயுசில் நூற்றுக்கணக்கில் விற்றவர், அன்று கயிற்றை அவிழ்த்துக் கொடுக்கக்கூட வரவில்லை. அவள்தான் அவிழ்த்துக் கொடுத்தாள்.

கறிக்கடைக்காரர் வேலையில் சுத்தமானவர். சீக்கிரம் முடித்து, தோலை உரித்து, துவைகல்லுக்கு மேலே இருந்த கம்பியில் தொங்கவிட்டார். வயிற்றைக் கீறிக் குடலை வழித்து ஒரு வாளியில் தள்ளினார். கையை உள்ளே விட்டு ஈரலை அறுத்து எடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன தம்பி?"

அவர் ஈரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்கா, இது புல்லு தின்ன ஆடா?"

"நானே அறுத்துப் போட்டது. ஏன்?"

அவர் கையை நீட்டினார். ஈரலின் விளிம்பில் பட்டாணி அளவுக்கு மூன்று மஞ்சள் புடைப்பு. நடுவில் பெரிதாக ஒன்று.

அவள் குனிந்து பார்த்தாள். தொட்டுப் பார்த்தாள். முதல் சந்தேகம் தம்பி மேல் போனது. அவன்தான் எதையும் யோசிக்காமல் எங்கும் கொட்டுகிறவன். பிறகு வாசல் பக்கம் திரும்பினாள். கொட்டில்காரர் அங்கிருந்து நகரவில்லை. இந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை.

"இங்க வாங்க."

வந்தார்.

"நீங்களா?"

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேர்க்கிற நேரமே இல்லை அது. "சாயங்காலம் தொட்டில கொட்டும்போது எல்லாம் தின்னும். இது மட்டும் இங்கேர்ந்து கத்தும். கதவுச் சந்துல மூஞ்சை வச்சுக்கிட்டுக் கத்தும். மத்ததெல்லாம் தின்னுதே, இது என்ன பாவம் பண்ணுச்சு? ஒரு கை குடுத்தேன். அப்புறம் நான் வர்ற சத்தம் கேட்டாலே..." சட்டைப் பையைத் தொட்டார். "பாக்கெட்டையே மோந்து பாக்கும்."

"எத்தனை நாளா?"

"வந்த புதுசுலேர்ந்து."

"நான் புல்லறுத்துக் கை கிழிஞ்சுபோயி வந்து போடுவேன். நீங்க பின்னாடியே வந்து..."

"தாளை உரிச்சுத்தான் குடுத்தேன்" என்றார் அவர். "கொட்டிலுக்குத்தான் அப்பிடியே போடுவோம். இதுக்கு ஒவ்வொண்ணா உரிச்சுத்தான் குடுத்தேன்."

கறிக்கடைக்காரர் வேறு பக்கம் திரும்பிக் கத்தியைக் கழுவ ஆரம்பித்தார். அம்மாக்காரி கத்துவாள் என்றுதான் ஜன்னலில் இருந்த மகள் நினைத்தாள். கத்தவில்லை. துவைகல்லில் உட்கார்ந்தாள். அவரைத் திட்ட வேண்டுமானால் அவர் வைத்த பிரியத்தைத்தான் திட்ட வேண்டும். அதற்கு அவளுக்குத் தெம்பில்லை. பிரியமானதற்குக் கொடுத்ததும் பிரியமில்லாததற்குக் கொடுத்ததும் ஒரே மூட்டையிலிருந்து வந்திருக்கிறது.

"நேத்து அதனாலதான் வேணாம்னீங்களா?"

"நல்லாருக்கும்னு ஒரு நப்பாசைலதான் சும்மா இருந்துட்டேன். ஒரு கைதானே குடுத்தோம்னு."

கறிக்கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "கறியை என்ன பண்ணட்டும்? நல்லாத்தான் இருக்கு. கடைக்கு எடுத்துட்டுப் போகவா?"

"எடுத்துட்டுப் போ. நம்ம வீட்டுக்கு வேணாம்."

"அப்ப யார் வீட்டுக்கும்மா?" என்றாள் மகள், ஜன்னலிலிருந்து.

அவள் கேலி செய்யவில்லை. சண்டைக்கும் கேட்கவில்லை. பாலுக்கு அழுகிற குழந்தையை மாற்றிப் போட்டுக்கொண்டே, பஸ் எங்கே போகிறது என்று கேட்கிற மாதிரி கேட்டாள். அம்மாக்காரி தொங்குகிற ஆட்டைப் பார்த்தாள். தொடைக்கறி வெளிறிய ரோஜா நிறத்தில், மேலே வெண்ணெய் பூசியதுபோல் கொழுப்போடு, எந்தக் கடைக்காரனும் முன்வரிசையில் தொங்கவிடுகிற அழகோடு இருந்தது.

"விடு தம்பி. இங்கயே துண்டு போடு" என்றாள். "நாமளே தின்னுவோம்."

மத்தியானம் வெங்காயமும் மிளகும் போட்டுக் குழம்பு வைத்தாள். மிட்டாய் மூட்டை வர ஆரம்பித்த பிறகு, அதைத் தின்று வளர்ந்த கறி அந்த வீட்டு அடுப்பில் வேகிறது அதுதான் முதல் தடவை. சீக்கிரமே வெந்துவிட்டது. சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மெத்தென்று, நாக்கிலேயே கரைந்து, ருசியாக இருந்தது. கசந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இன்னும் ஒரு வாய் தின்றாள். மகளும் தின்றாள். கொட்டில்காரர் தட்டில் குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு, துண்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுந்து கை கழுவினார்.

"என்னங்க, அது கொட்டில் ஆட்டைவிட ஒசத்தியா போயிடுச்சா?"

"வாய்ல போகல."

"கொட்டில்ல நிக்கிறதுக்கும் மூஞ்சி இருக்கு. நீங்க பாக்கல, அவ்வளவுதான்."

அவர் கொட்டில் பக்கம் போனார். அவளும் பின்னால் போனாள். இருபத்திரண்டு ஆடுகள். தொட்டி காலியாக இருந்ததால் எல்லாம் அவர்களையே பார்த்தன. ஐந்து ஆடுகள் முன்னங்காலை மடக்கி, முட்டியில் ஊன்றி, பின்னங்காலில் நின்றன. முட்டியில் மயிர் தேய்ந்து தோல் காய்த்திருந்தது. நாள்தோறும் பார்த்த காட்சிதான். அன்றைக்கு இருவரும் உள்ளே போய் ஒவ்வொன்றாகக் குளம்பைத் தொட்டுப் பார்த்தார்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது. ஒன்று காலை உதறிக்கொண்டது. உதறியதும் முட்டியில் விழுந்தது.

அப்போது வண்டிச் சத்தம் கேட்டது. பதினேழு ஆடுகள் துள்ளிக் கம்பிவலையில் காலை வைத்தன. ஐந்து ஆடுகள் முட்டியாலேயே நகர்ந்து வந்தன.

மிட்டாய் பின்கதவைத் திறந்து மூட்டையைத் தோளில் ஏற்றினான். "இன்னைக்கு ஜெல்லிதான் மாமா. சும்மா பளபளன்னு..."

"எறக்காத" என்றாள் அக்கா.

"ஏன், எடமில்லையா?"

"இனிமே எறக்காத."

அவன் மாமாவைப் பார்த்தான். மாமா குளம்பைப் பிடித்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, அக்கா பேச்சைக் கேட்டுக்கிட்டு? மூணு வாரத்துல கல்யாண ஆர்டர் இருக்கு. இப்பப் புல்லுக்கு மாத்தினா தோலும் எலும்புமா நிக்கும். தராசுல ஏத்தினா முள்ளே நகராது. இத்தனை நாள் போட்டாச்சு, இன்னும் மூணே வாரம். அப்புறம் வேணா நல்லவங்களா இருந்துக்கலாம்."

இது வியாபாரப் பேச்சு. எங்கள் தெருவில் யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். கொட்டில்காரர் ஆடுகள் பக்கம் திரும்பினார். இருபத்திரண்டையும் எடைக்கணக்கில் மனசுக்குள் கூட்டுகிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கூட்டி முடித்தார்.

"காஞ்ச புல்லு எங்க கெடைக்கும்னு விசாரி மாப்ள."

"வெலை தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாமலா விசாரிக்கச் சொல்றேன்?"

"இந்த மூட்டையை நான் எங்க கொண்டுபோயி கொட்டுறது?"

"குழிலதான். முன்ன கொட்டுன எடத்துல."

"கூலி யாரு குடுப்பா?" என்றான் மிட்டாய். மூட்டையைத் திரும்ப வண்டியில் எறிந்தான். வண்டி போனது. ஆடுகள் அது போன திசையைப் பார்த்துக் கத்தின. அன்று பொழுது சாயும்வரை கத்தின. அவள் போட்ட புல்லை மோந்து பார்த்துவிட்டு அதன்மேல் படுத்துக்கொண்டன.

நான்காம் நாள் சாயங்காலம் கறிக்கடைக்காரர் சைக்கிளில் வந்தார். மகளுக்கு அன்று காலை எழுந்திருக்கும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, குழந்தையோடு விழப் பார்த்திருந்தாள். மறுநாள் காலையில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போவதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் காகிதத்தில் சுற்றிய பொட்டலத்தை அம்மாக்காரி கையில் வைத்தார். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"மலை ஆடு. இன்னைக்குத்தான் அடிச்சேன்."

அவள் பிரித்துப் பார்த்தாள். கறுஞ்சிவப்பு, வழவழப்பு. திருப்பிப் பார்த்தாள். விரலால் தடவிப் பார்த்தாள். எங்கும் ஒரு புள்ளி இல்லை.

"ஹோட்டல்காரன்?"

"அவனுக்கு நுரையீரல் குடுத்திருக்கேன். மசாலாவுல எவனுக்குத் தெரியப் போவுது?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லக்கா, சொல்லிட்டுத்தான் எடுத்தேன். சும்மா சொன்னேன்" என்றார். அவள் மடியிலிருந்து பணத்தை எடுத்தாள். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டார்.

"காசு வேணாம்."

"சும்மா வாங்கிப் பழக்கமில்ல தம்பி."

"சும்மா யாரு குடுத்தா? நீங்களும் ஆடு வளக்குறவங்கதானே. உங்க கொட்டில்லேர்ந்து இதே மாதிரி ஒண்ணு வர்றப்ப எனக்குத் திருப்பிக் குடுங்க."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு ஈரலைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, உப்பும் மிளகும் மட்டும் போட்டு வதக்கி மகளுக்கு வைத்தாள். மகள் ஒரு துண்டை மென்றுவிட்டு, "கொஞ்சம் கெட்டியா இருக்கும்மா. யாரு வீட்டு ஆடு?" என்றாள்.

"யாரோ. பின்னாடியே நடந்து மேய்ச்சிருக்கான். சாப்பிடு."

அடுத்த இரண்டு வாரமும் மலை ஆடு வந்த அன்று ஹோட்டலுக்குப் பாதி, அந்த வீட்டுக்குப் பாதி என்று ஈரல் பிரிந்தது. அந்தப் பாதிகளுக்கு அவள் காசு கொடுத்தே தீருவேன் என்றாள், அவரும் வாங்கிக்கொண்டார். மகள் சுவரைப் பிடிக்காமல் வாசல்வரை நடந்தாள். உதட்டில் நிறம் இன்னும் முழுசாக வரவில்லை, வரும்போல இருந்தது. கல்யாண ஆர்டர் கை மாறிப் போனது. மிட்டாய்தான் அந்த மூட்டைகளை அடுத்த ஊர்க் கொட்டிலுக்கு ஓட்டி, ஆர்டரையும் அங்கே பேசி முடித்தான். அக்கா அவனோடு பேசாமல் இருந்தாள், பிறகு பேசினாள். கொட்டில்காரர் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நடக்க முடிந்த ஆடுகளை வேலியோரமாகக் கொஞ்ச தூரம் ஓட்டிப்போய்த் திரும்பினார். ஆடுகள் பழக்கமில்லாமல் நின்று நின்று வந்தன. அவரும்தான்.

மாதக் கடைசியில் கணக்குப் பார்க்க இருவரும் கறிக்கடைக்குப் போனார்கள். கடையின் உள்சுவரில் கரித்துண்டால் கறிக்கடைக்காரர் எழுதி வைத்திருந்ததை அவரே விரலை ஓட்டி வாசித்தார். முட்டி போட்ட ஆடு ஐந்து, கடைக்கு வந்தது. ஐந்துக்கும் ஈரல் கழிவு, கழித்தாயிற்று. கொட்டிலில் நிற்பது பதினேழு. எடை இறங்கியிருக்கிறது, விலை பேசவில்லை. வீட்டு ஆட்டின் தோலும் தலையும் வரவு, அடித்துக் கொடுத்த கூலி பற்று, இரண்டும் நேர். மீதிப் பணத்தை எண்ணிக் கொட்டில்காரர் கையில் கொடுத்தார். எழுதியதையெல்லாம் ஈரத்துணியால் துடைத்தார். கடைசி வரியை மட்டும் துடைக்காமல் விட்டார்.

கொட்டில்: ஈரல் ஒன்று, நல்லது. பாக்கி.